எனக்காக யார் பேசுவது?



மாத்தளை மாவட்டத்தில் நாங்கள் நடத்தும் பெண்கள் குழுக்களில் வழக்கமாக வரும் கேள்விகள் உங்களுக்கும் தெரிந்தவைதான். பிறப்புச் சான்றிதழில் பெயர் பிழையாக இருக்கிறது, லயத்துக் கூரை ஒழுகுகிறது, அஸ்வெசும பட்டியலில் எங்கள் பெயர் ஏன் வரவில்லை. கடந்த சில மாதங்களாக இவற்றோடு இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொண்டது. முதலில் ரத்தோட்டைப் பக்கத்தில் ஒருவர் கேட்டார். பிறகு எல்கடுவையில் கேட்டார்கள், உக்குவளையிலும் கேட்டார்கள். சொற்கள்தான் கொஞ்சம் வேறுபட்டன.

“எனக்கு நெனவு தப்பிப் போச்சுன்னா யாரு மிஸ் எனக்காகப் பேசுவாங்க?”

இதைக் கேட்டவர்கள் யார் என்று பாருங்கள். 1977 ஆம் ஆண்டு வன்செயலில் தோட்டத்தை விட்டு கிளிநொச்சிக்கும் வவுனியாவுக்கும் போனவர்கள். அங்கே காடு வெட்டிக் குடியேறி, யுத்தத்தில் அதையும் இழந்து, 2009 இற்குப் பின் செட்டிகுளம் முகாம்களில் இருந்து, ஒரு பையோடு திரும்பவும் இந்த மலைக்கே வந்தவர்கள். கணவர் செல் விழுந்து இறந்தார் அல்லது காணாமல் போனார். ஒரு மகன் இல்லை. ஒரு மகள் குவைத்தில். இன்னொருவர் கனடாவில் இருக்கிறார், அழைப்பு எடுப்பார். வைத்தியசாலையில் சேர்க்கும்போது “நெருங்கிய உறவினர் யார்?” என்று கேட்டால் இவர்கள் பக்கத்து வீட்டுக்காரியின் பெயரைச் சொல்கிறார்கள்.

எங்கே வாழ்வது, எப்போது ஓடுவது, எந்த முகாமில் இருப்பது என்று இவர்களிடம் யாரும் கேட்கவில்லை. எப்படிச் சாக விரும்புகிறீர்கள் என்றாவது கேட்கலாமே என்பதுதான் இம்மாதம் நான் எழுத நினைத்தது.

கடும் நோய் வந்து, வாயால் சொல்ல முடியாத நிலை ஏற்படுவதற்கு முன்பே, எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம், எங்கே இருக்க விருப்பம், எனக்காக முடிவு சொல்பவர் யார் என்பதை யோசித்து, வேண்டியவர்களோடு பேசி, முடிந்தால் எழுதியும் வைப்பதை முன்கூட்டிய பராமரிப்புத் திட்டமிடல் என்கிறார்கள். பெயர் நீளமாக இருக்கிறது. காரியம் ஒரு மாலைப்பொழுதுத் தேநீரோடு தொடங்கக்கூடியது.

பேசி வைக்காவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு எனக்கு உடனே நினைவுக்கு வருபவர் அருணா ஷான்பாக். மும்பாய் கே.ஈ.எம். வைத்தியசாலையில் தாதியாக இருந்தவர். 1973 நவம்பர் 27 ஆம் திகதி, அவருக்கு 25 வயது, அதே வைத்தியசாலையின் துப்புரவுத் தொழிலாளி ஒருவனால் தாக்கப்பட்டு, பாலியல் வன்முறைக்கும் ஆளானார். கழுத்து நெரிக்கப்பட்டதால் மூளை பாதிக்கப்பட்டு, தன் விருப்பம் எதையும் சொல்ல இயலாதவராக அங்கேயே ஒரு கட்டிலில் கிடந்தார். ஏறக்குறைய 42 ஆண்டுகள். அவரைப் பற்றி நூல் எழுதிய பத்திரிகையாளர் பிங்கி விரானி, இவரை இப்படி வைத்திருப்பது கொடுமை, உணவூட்டுவதை நிறுத்தி அமைதியாகப் போக விடுங்கள் என்று உச்ச நீதிமன்றம் சென்றார். பராமரித்த தாதியரோ, இவர் எங்கள் பிள்ளை, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். இரண்டு பக்கத்திலும் இருந்தது அன்புதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அருணா என்ன விரும்பியிருப்பார் என்று சொல்ல எவரிடமும் எதுவும் இருக்கவில்லை.

2011 மார்ச் 7 ஆம் திகதி தீர்ப்பு வந்தது. நோயாளியால் பேச முடியாதபோது பெற்றோர், துணைவர், நெருங்கிய உறவினர் முடிவெடுக்கலாம். அவர்கள் இல்லாவிட்டால் நெருங்கிய நண்பர் என்ற நிலையில் உள்ளவர்கள் எடுக்கலாம். அந்த முடிவுக்கு உயர் நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும் என்றது. அருணாவுக்கு அப்படியான நண்பர் யார்? வழக்குப் போட்ட எழுத்தாளர் அல்லர், பல ஆண்டுகள் குளிப்பாட்டி உணவூட்டிய வைத்தியசாலை ஊழியர்களே என்று நீதிமன்றம் முடிவு செய்தது. அருணா 2015 மே 18 ஆம் திகதி அதே வைத்தியசாலையில் நியூமோனியாவால் இறந்தார். சொந்தக் குடும்பம் அருகில் இல்லாத ஒரு பெண்ணுக்காக யார் பேசலாம் என்பதை ஒரு நாட்டின் உச்ச நீதிமன்றம் அமர்ந்து யோசிக்க வேண்டியிருந்தது. உக்குவளைத் தாய் கேட்டதும் அதே கேள்விதான்.

அந்த வழக்கின் தொடர்ச்சியாக இந்தியாவில் பின்னர் வழி திறந்தது. 2018 மார்ச் 9 ஆம் திகதி, வயது வந்த, தெளிந்த மனமுள்ள எவரும் தனது இறுதிக்காலச் சிகிச்சை பற்றிய விருப்பத்தை முன்கூட்டியே எழுதி வைக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அப்போது நீதிவான் ஒருவரின் கையொப்பமும் வேண்டும் என்றிருந்ததால் அது சாதாரண மக்களுக்கு எட்டாக் காரியமாகவே இருந்தது. 2023 ஜனவரியில் இரண்டு சாட்சிகளும் ஒரு நொத்தாரிசு அல்லது அரச உயர் உத்தியோகத்தரும் போதும் என்று இலகுவாக்கினார்கள்.

எங்கள் நாட்டில் இதற்கெனத் தனிச் சட்டம் கிடையாது. சிலர் மரண சாசனம் எழுதினால் போதும் என்று நினைக்கிறார்கள். மரண சாசனம் சொத்துப் பற்றியது, அது நாங்கள் கண்ணை மூடிய பிறகுதான் பேசத் தொடங்கும். உயிர் இருக்கும்போது கட்டிலில் நடப்பதற்கு அது உதவாது. அதேவேளை, நினைவோடு இருக்கும் ஒரு நோயாளி, இந்தச் சத்திரசிகிச்சை எனக்கு வேண்டாம், இந்தக் குழாயைப் போட வேண்டாம் என்று சொல்லும் உரிமை இங்கேயும் உண்டு. நினைவு தப்பிய பிறகு, நீங்கள் முன்பு எழுதி வைத்த ஒரு தாள் வைத்தியரைச் சட்டப்படி கட்டிப்போடாது. ஆனால் உங்கள் மனம் எப்படி இருந்தது என்பதற்கு அது சாட்சி. உறவினர் நான்கு பேர் வாட்டுக்கு வெளியே சண்டை பிடிக்கும்போது, வைத்தியருக்கும் அது கையில் கிடைத்த ஊன்றுகோல். கருணைக்கொலை என்பது வேறு, அதற்கு இங்கே இடமில்லை. பயன் தராத சிகிச்சையை வேண்டாம் என்பதும் உயிரை எடுப்பதும் ஒன்றென்று குழப்பிக்கொள்ள வேண்டாம்.

“இதையெல்லாம் பேசினா வீட்டுக்கு ஆகாது மிஸ்” என்று ஒரு கூட்டத்தில் எழுந்து போனவர்களும் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், போதுமான சாவைப் பார்த்தவர்கள். ஆனால் இதே நாட்டில், 1961 இல் டொக்டர் ஹட்சன் சில்வா தொடக்கிய கண்தானச் சங்கத்துக்கு எத்தனையோ பேர் உயிரோடு இருக்கும்போதே கையெழுத்து வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். அதனால் எந்த வீட்டுக்கும் கேடு வந்ததாக நான் கேள்விப்படவில்லை. அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ண் நகரில் 80 வயதும் அதற்கு மேலும் ஆன 309 நோயாளிகளிடம் செய்த ஆய்வொன்று 2010 இல் வெளிவந்தது. ஒரு பகுதியினருடன் உட்கார்ந்து அவர்களுடைய விருப்பங்களைப் பேசினார்கள், மற்றப் பகுதியினருக்கு வழக்கமான கவனிப்பு மாத்திரம். ஆய்வுக் காலத்தில் 56 பேர் இறந்தார்கள். பேசப்பட்டவர்களில் 86 வீதமானோரின் விருப்பம் அறியப்பட்டு நிறைவேறியது; மற்றவர்களில் 30 வீதம். இறந்தவரின் குடும்பத்தாருக்குப் பின்னால் வரும் மன அழுத்தமும் சோர்வும் பேசிய குடும்பங்களில் குறைவாக இருந்தன. உளவளத்துணைக்கு வரும் பெண்களில் “நான் அம்மாவுக்குச் செய்தது சரியா?” என்று வருடக்கணக்கில் தன்னையே கேட்டுக்கொண்டிருப்பவர்களைப் பார்த்த எனக்கு இந்தக் கடைசித் தகவல்தான் பெரிதாகப்பட்டது.

வைத்தியருக்கு எல்லாம் தெரியும், அவர் பார்த்துக்கொள்வார் என்பவர்களுக்கும் ஒரு பதில் உண்டு. அமெரிக்காவில் ஐந்து வைத்தியசாலைகளில் நடந்து 1995 இல் வெளியான பெரிய ஆய்வில், நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிக்கும் சிகிச்சை தமக்கு வேண்டாம் என்றிருந்த நோயாளிகளின் விருப்பம், அவர்களுடைய வைத்தியர்களில் 47 வீதமானோருக்கே தெரிந்திருந்தது. வைத்தியரும் நோயாளியும் ஒரே மொழி பேசும் இடத்திலேயே நிலைமை அப்படி.

எங்கள் பக்கத்தில் மொழியும் நடுவில் நிற்கிறது. தோட்டத்திலிருந்து வரும் அம்மாவுக்குச் சிங்களம் வேலைக்குப் போதுமான அளவு தெரியும். தன் நுரையீரலைப் பற்றிப் பேசுமளவுக்குத் தெரியாது. எனவே மகன் மொழிபெயர்க்கிறான். வைத்தியர் இரண்டு நிமிடம் பேசியதை மகன் “ஒண்ணுமில்லம்மா, சின்னக் கட்டி” என்று முடிக்கிறான். அம்மா கேட்டதை வைத்தியரிடம் சொல்லும்போதும் அப்படித்தான். ஒரு வைத்தியசாலை வாட்டில் ஒரு மூதாட்டி, “வீட்டுக்குக் கொண்டு போயிருங்க” என்று தெளிவாகத் தமிழில் சொன்னதை, அருகிலிருந்தவர் “அம்மா பயப்படுகிறார்” என்று சிங்களத்தில் சொன்னதை நானே கேட்டிருக்கிறேன். வஞ்சகம் ஒன்றும் இல்லை. வீட்டில் ஒட்சிசன் இல்லை, மலையேற வாகனமில்லை, அவருக்கும் பயம். ஆனால் அந்த மூதாட்டியின் ஒரேயொரு வசனம் வைத்தியரை அடையவே இல்லை.

நோயை நோயாளிக்கே மறைப்பது எங்கள் குடும்பங்களில் அன்பின் அடையாளமாகிவிட்டது. ஊரெல்லாம் தெரியும், படுத்திருப்பவருக்கு மாத்திரம் தெரியாது. உண்மையில் அவருக்கும் தெரிந்தே இருக்கும். எங்களுக்காகத் தெரியாதது போல இருப்பார். யுத்த காலத்தில் பிள்ளைகளின் சாவை நேராகப் பார்த்த ஒரு தாய்க்குத் தன் சாவைக் கேட்கத் தைரியம் இருக்காது என்று எந்த நியாயத்தில் முடிவு செய்கிறோம்? கேட்க விரும்பாதவர்களும் இருக்கிறார்கள். அதுவும் ஒரு விருப்பம்தான், மதிக்க வேண்டும். “உங்கள் வருத்தத்தைப் பற்றி டொக்டர் சொல்வதை நீங்கள் கேட்க விரும்புகிறீர்களா, வேறு யாரிடமாவது சொல்லட்டுமா?” என்று ஒருமுறை கேட்டால் போதும்.

வெளிநாட்டுத் தொலைபேசியைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். பத்து வருடம் பார்க்காத மகன் அங்கிருந்து “எல்லாம் செய்யுங்கோ, காசு நான் அனுப்புறன்” என்பார். தூரத்தில் இருப்பவருக்குக் குற்ற உணர்வு அதிகம், அதனால் குரலும் அதிகம். பக்கத்தில் இருந்து மலசலம் எடுக்கும் மருமகளின் சொல் எடுபடாது. தாய் தன் வாயால், நினைவு நன்றாக இருக்கும்போது, அந்த மகனுக்கும் தொலைபேசியில் ஒருதடவை சொல்லிவிட்டால் பிறகு மருமகள் தப்பித்துக்கொள்வாள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. எங்கள் பெண்களிடம் “என்ன வேணும்?” என்று கேட்டால் முதல் பதில் பெரும்பாலும் “ஒண்ணும் வேணாம்” என்றுதான் வரும். அதை அப்படியே எழுதிக்கொண்டு வரக்கூடாது. நீண்ட காலம் இல்லாமையில் வாழ்பவர்கள் தங்கள் ஆசைகளையே அந்த இல்லாமைக்கு ஏற்பச் சுருக்கிக்கொள்கிறார்கள் என்று பொருளியலறிஞர் அமர்த்தியா சென் எழுதியிருக்கிறார். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது பரீட்சைக்காக மனனம் செய்த விடயம். லயங்களில்தான் அதன் பொருள் விளங்கியது. “பிள்ளைகளுக்குப் பாரமா இருக்கக்கூடாது” என்று ஒருவர் சிகிச்சையை மறுத்தால், அது அவருடைய விருப்பமா, பஸ் காசைப் பற்றிய பயமா? கண்டிக்குக் கிளினிக் போக ஒருநாள் சம்பளம் போகும் என்ற கணக்கா? ஆகவே, “செலவையும் பயணத்தையும் விடுங்கள், அவை இல்லை என்று வைத்துக்கொண்டால் என்ன சொல்வீர்கள்?” என்று இரண்டாம் முறை கேட்க வேண்டும். பதில் மாறினால் அப்போது சமூக சேவைப் பக்கத்து வேலை தொடங்குகிறது.

நோவு விடயத்தில் அந்தச் சுருக்கம் இன்னும் அதிகம். பொறுத்துக்கொள்வதுதான் பெண் என்று வளர்க்கப்பட்டவர்கள். ‘மோர்பின்’ என்றாலே கதை முடிந்தது, அல்லது போதைக்கு அடிமையாகிவிடுவோம் என்று நினைக்கிறார்கள். வைத்தியர் அளந்து கொடுக்கும்போது அது நோவைத் தணித்து, சாப்பிடவும் தூங்கவும் ஆட்களோடு பேசவும் விடும் மருந்து. கேரளாவின் கோழிக்கோட்டில் 1993 இல் டொக்டர் ராஜகோபாலும் டொக்டர் சுரேஷ் குமாரும் சேர்ந்து தொடக்கிய சிறிய நோய்த்தணிப்புச் சேவை, பின்னர் மலப்புரம் போன்ற மாவட்டங்களில் ஊர்த் தொண்டர்கள் வீடு வீடாகச் செல்லும் இயக்கமாக வளர்ந்தது. 2008 இல் கேரள அரசு அதற்கென்று ஒரு கொள்கையையே வகுத்தது. எங்கள் சுகாதார அமைச்சும் 2019 முதல் 2023 வரையான காலத்துக்கு இத்தகைய பராமரிப்புக்கான தேசியத் திட்டமொன்றை வெளியிட்டது. கம்மடுவ மலைக்கு அது நடந்து வருவதற்கு இன்னும் நாளாகும் என்றே படுகிறது. அதுவரை கிளினிக்கில் “நோகுது” என்ற சொல்லை வெட்கப்படாமல் சொல்லப் பழகுவோம்.

சாகும் தறுவாயில் என்ன வேண்டும் என்று கேட்டபோது எங்கள் பெண்கள் சொன்ன சில விடயங்கள் எந்த நாட்டுப் படிவத்திலும் இல்லை.

கணவர் காணாமல் போன ஒருவர், வன்னியில் பிறந்து இங்கே மகளோடு இருப்பவர், என்னிடம் சொன்னார்: “பிள்ளை, எனக்குப் பொட்டு வைச்சுத்தான் எடுக்க வேணும். அழிக்க விடக்கூடாது. அவர் செத்தது எண்டு நான் ஒருநாளும் கையெழுத்து வைக்கேல்லை.” உண்மைதான். 2016 இல் வந்த சட்டத் திருத்தம், மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, ஆள் காணப்படவில்லை என்பதை உறுதிப்படுத்தும் சான்றிதழொன்றைப் பெற இடமளித்தது. அவர் அதைத்தான் எடுத்திருக்கிறார். தன் உடலுக்குச் செய்யும் சடங்கில் அந்த நிலைப்பாட்டை ஊரார் மாற்றிவிடக்கூடாது என்பது அவருடைய கவலை. குழாய் போடுவது, போடாமல் விடுவது பற்றி அவருக்கு அக்கறையே இல்லை. “அதை டொக்டர்மார் பாக்கட்டும்” என்றுவிட்டார்.

இன்னொருவரிடம் ஒரு கோப்பு இருக்கிறது. மகனைத் தேடி எழுதிய கடிதங்களின் பிரதிகள், ஆணைக்குழுக்களில் பதிந்த இலக்கங்கள், செஞ்சிலுவைச் சங்கத் துண்டு, ஒரு பாடசாலைப் புகைப்படம். பிளாஸ்டிக் உறையில் போட்டு அரிசிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார். அவருக்குச் சிறுநீரக வருத்தம். “எனக்குப் பொறகு இத யாரு தூக்குவா?” என்றார். வடக்கில் வீதியோரம் அமர்ந்து தேடிய தாய்மாரில் பலர் பதில் தெரியாமலே இறந்துவிட்டார்கள் என்பது நாங்கள் எல்லோரும் அறிந்தது. இவருடைய பராமரிப்புத் திட்டத்தில் முதல் வரி அந்தக் கோப்புத்தான். சகோதரியின் மகள் பொறுப்பெடுப்பதாகச் சொன்னாள். இலக்கங்களை ஒரு தனித் தாளில் எழுதி, இரண்டு பிரதி எடுத்தோம். அதற்குப் பிறகுதான் அவர் டயாலிசிஸ் பற்றிப் பேசச் சம்மதித்தார். அது வரை அந்தச் சொல்லை எடுத்தாலே அடுப்படிக்குப் போய்விடுவார்.

எழுதுவதற்குப் பெரிய படிவம் தேவையில்லை. பாடசாலைக் கொப்பியில் ஒரு பக்கம் போதும். உங்களுக்காகப் பேசுபவரின் பெயர், முகவரி, தொலைபேசி இலக்கம். அவர் இரத்த உறவாக இருக்க வேண்டும் என்பதில்லை, ஆனால் அவரிடம் கேட்டுச் சம்மதம் வாங்கியிருக்க வேண்டும். அவர் கிடைக்காவிட்டால் அடுத்தவர் யார் என்பதையும் போடுங்கள். நோயைப் பற்றி உங்களுக்குச் சொல்லலாமா, கடைசி நாட்களில் வீடா வைத்தியசாலையா, குணமாகும் வாய்ப்பில்லை என்று வைத்தியர்கள் சொன்ன பிறகு இயந்திரத்தில் வைத்திருக்கச் சம்மதமா, உங்கள் மொழியில் பேச யாரைக் கூப்பிட வேண்டும், சடங்கு எப்படி. திகதியிட்டு கையொப்பமோ பெருவிரல் அடையாளமோ வையுங்கள், இரண்டு சாட்சிகளும் வைக்கட்டும். நம்பிக்கையான ஒருவரைக் கொண்டு சிங்களத்திலும் ஒரு பிரதி எழுதுவியுங்கள், இது மிக முக்கியம். ஒன்று கிளினிக் கொப்பிக்குள், ஒன்று உங்களுக்காகப் பேசுபவரிடம். மனம் மாறினால் கிழித்துவிட்டு வேறு எழுதலாம். நன்றாக இருக்கும்போது நினைப்பதும் படுக்கையில் நினைப்பதும் ஒன்றாக இருக்க வேண்டுமென்று எந்தக் கட்டாயமும் இல்லை.

கடைசியாக, வீட்டில் இறக்க விரும்புபவர்களின் குடும்பங்களில் ஒரு பயம் இருக்கிறது: பொலிஸ் வரும், பிரேதத்தை வெட்டுவார்கள், விசாரணை என்று அலைய வேண்டும். யுத்தத்தைக் கண்டவர்களுக்கு இந்தப் பயம் வருவது நியாயம்தான், அதனாலேயே கடைசி மணித்தியாலத்தில் ஆட்டோவில் ஏற்றி வைத்தியசாலைக்கு ஓடுகிறார்கள், வழியில் உயிர் போகிறது. நீண்டநாள் நோயாளி வீட்டில் இயற்கையாக இறந்தால் கிராம உத்தியோகத்தருக்கு அறிவித்து, அவருடைய அறிக்கையோடு பிறப்பு இறப்புப் பதிவாளரிடம் 5 நாட்களுக்குள் பதிய வேண்டும். தோட்டத்துக்குள் என்றால் தோட்ட முகாமையாளருக்கும் அறிவிக்க வேண்டும். திடீர் மரண விசாரணை அதிகாரி வருவது விபத்து, தற்கொலை, சந்தேகம், காரணம் தெரியாத திடீர் மரணம் போன்றவற்றுக்குத்தான். எனவே கிளினிக் கொப்பியையும் வைத்தியசாலையிலிருந்து விட்டபோது தந்த துண்டையும் கூரையில் செருகி வைக்காமல், நனையாத இடத்தில், தேசிய அடையாள அட்டையோடு சேர்த்து வையுங்கள். கிராம உத்தியோகத்தர் முதலில் கேட்பது அவற்றைத்தான்.